ஒரு பாடத்தாளை இணையத்தோடு சேர்த்து நடத்துவது எப்படி? கல்லூரிப் பணிக்குப் புதிதாக வந்த ஆசிரியர்களுக்கான வழிகாட்டி

2020 மார்ச் மாத இறுதியில் பொதுமுடக்கம் வந்தபோது, தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலானவை போதிய முன்னேற்பாடு இல்லாமலேயே இணைய வழி வகுப்புகளுக்கு மாற வேண்டியிருந்தது. வகுப்பறையில் ஒரு மணி நேரம் பேசியதையே கேமராவின் முன் அமர்ந்து ஒரு மணி நேரம் பேசினோம். மாணவர்கள் மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டார்கள், அல்லது அவர்களுடைய பெயர் மட்டும் திரையில் இருந்தது. அந்த அனுபவத்தை வைத்து "இணைய வழிக் கற்பித்தல் நம் பிள்ளைகளுக்குச் சரிப்படாது" என்று முடிவுகட்டிய மூத்த ஆசிரியர்களை நீங்கள் உங்கள் துறையிலேயே சந்திப்பீர்கள். அவர்களுடைய சலிப்பில் நியாயம் இருக்கிறது. முடிவில் நியாயம் இல்லை. அன்று நாம் வகுப்பறையின் நகல் ஒன்றைத்தான் இணையத்தில் எடுத்தோம். அறுபது பேர் இருக்கும் வகுப்பில் ஐம்பது நிமிடத்துக்குள் செய்ய முடியாதவை சில உண்டு: ஒவ்வொரு மாணவருக்கும் எது புரியவில்லை என்று தனித்தனியே அறிவது, மூலச் சான்று ஒன்றை அவரவர் வேகத்தில் பார்க்க விடுவது, வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் மாணவியின் கேள்வியைப் பெறுவது. இணையத்தை இவற்றுக்காகப் பயன்படுத்த வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

முதல் பருவத்தில் ஒரே ஒரு பாடத்தாளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நேரடி வகுப்பு வழக்கம்போல் நடக்கட்டும்; அதனோடு இணையப் பகுதி ஒன்றைச் சேர்ப்பதே நோக்கம். கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் இளங்கலை வரலாறு பயிலும் மாணவர்களுக்குச் சோழர் கால ஊராட்சி பற்றிய பாடத்தை நடத்துவதாக வைத்துக்கொண்டு கீழே எடுத்துக்காட்டுகள் தந்திருக்கிறேன். பிற துறையினர் தங்கள் பாடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதற்படி: மாணவர்களிடம் என்ன வசதி இருக்கிறது என்று அறியுங்கள்

இந்தக் கணக்கெடுப்பைத் தாளில் அச்சிட்டு வகுப்பிலேயே நடத்துங்கள். கூகுள் படிவத்தில் நடத்தினால், இணைப்பு நன்றாக இருப்பவர்களின் விடை மட்டுமே வந்து சேரும்; நாம் அறிய வேண்டியது மற்றவர்களின் நிலையைத்தான். கைப்பேசி சொந்தமா, வீட்டில் உள்ளவர்களோடு பகிர்ந்துகொள்வதா, பகிர்வதென்றால் எந்த நேரத்தில் கைக்கு வரும், வீட்டுக்குள் சிக்னல் கிடைக்கிறதா, மாடிக்கோ தெருமுனைக்கோ போக வேண்டுமா, ஒரு நாளைக்கு எவ்வளவு டேட்டா உள்ள ரீசார்ஜ் போடுகிறார்கள், பயணத்தில் எவ்வளவு நேரம் செலவாகிறது ஆகியவற்றைக் கேளுங்கள். கண்பார்வை, கேட்டல் தொடர்பான தேவைகளை எழுத விரும்புவோருக்குத் தனி இடம் விடுங்கள். தாளை மடித்துத் தரச் சொன்னால் உண்மையான விடைகள் வரும்.

டேட்டா செலவு சிறிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜி.பி. பயன்படுத்தக்கூடிய டேட்டா கார்டுகளை 9 லட்சத்து 69 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு வழங்குவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்ததே, அச்செலவு எத்தனை குடும்பங்களை அழுத்தியது என்பதைக் காட்டும். நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஓடும் நேரலை வீடியோ வகுப்பு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 450 எம்.பி. எடுக்கும், ஒரே நாளில் இத்தகைய வகுப்புகள் நான்கு நடந்தால் 1.8 ஜி.பி. போய்விடும். அதே ஒரு மணி நேரப் பேச்சை 64 கிலோபிட் தரத்தில் ஒலிப்பதிவாகத் தந்தால் 29 எம்.பி.க்குள் முடியும். பத்துப் பக்கத் தட்டச்சுக் குறிப்புக்கு அதிலும் ஒரு சிறு பங்கே போதும். வகுப்பில் மிகக் குறைந்த வசதி உள்ள மாணவரால் ஒரு வாரத்துக்கு எவ்வளவு தரவிறக்க முடியும் என்பதை எழுதி வைத்துக்கொண்டு, அந்த அளவை மீறாமல் எல்லாவற்றையும் திட்டமிடுங்கள். மற்ற முடிவுகள் யாவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

இரண்டாம் படி: எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள்

குறிப்புகள் வாட்ஸ்அப்பிலும், வீடியோ யூடியூபிலும், ஒப்படைப்பு மின்னஞ்சலிலும், தேர்வு கூகுள் படிவத்திலும் சிதறிக் கிடந்தால், பாடத்தைப் படிப்பதற்கு முன் பாடத்தைத் தேடுவதிலேயே மாணவர் களைத்துவிடுவார். உங்கள் கல்லூரியில் மூடில் என்னும் இணையப் பாட மேலாண்மைத் தளம் நிறுவப்பட்டிருக்கிறதா என்று துறைத்தலைவரிடமோ கணினி மையத்திலோ கேளுங்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்ட்டின் டூகியமாஸ் உருவாக்கி 2002இல் வெளியிட்ட மூடில், யாரும் கட்டணமின்றி நிறுவிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள். உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. நம் மாணவர்களுக்கு அதில் முக்கியமானது கைப்பேசிச் செயலி. கல்லூரி வைஃபையில் இருக்கும்போது பாடங்களைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு, பேருந்தில் இணைப்பு இல்லாமலேயே அவர்கள் படிக்கலாம். வினாடி வினா அமைப்பில் உரிய அனுமதியை நீங்கள் கொடுத்துவிட்டால், இணைப்பின்றியே விடையளித்துப் பின்னர் அனுப்பவும் முடியும். அந்த அனுமதியைத் தேடிக் கண்டுபிடித்து இயக்கிவிடுங்கள். பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

மூடில் இல்லாத கல்லூரி என்றால், கல்லூரி தரும் மின்னஞ்சல் கணக்கின் வழியே கூகுள் கிளாஸ்ரூமைப் பயன்படுத்தலாம். அதன் வசதிகள் குறைவு. ஆனால் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப் குழுவை அறிவிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பும்படி அமைத்துவிடுங்கள். பாடத்தை அதில் நடத்தினால், போன வாரக் குறிப்பு வாழ்த்துச் செய்திகளுக்கு அடியில் புதைந்துவிடும். தாமதமாகச் சேர்ந்த மாணவருக்கு முந்தையவை கிடைக்காமலும் போகலாம். இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. குழுவில் சேரும் ஒவ்வொருவருடைய கைப்பேசி எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியவருகிறது, அதனால் மாணவிகள் படும் தொல்லையைப் பெரும்பாலும் அவர்கள் ஆசிரியரிடம் சொல்வதில்லை. மதிப்பெண் பட்டியலைக் குழுவில் போடும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். மூடிலிலும் கிளாஸ்ரூமிலும் அவரவர் மதிப்பெண் அவரவருக்கு மட்டுமே தெரியும்.

மூன்றாம் படி: ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரே வடிவம் கொடுங்கள்

வாரத்துக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் தலைப்பில், அலகின் பெயருக்குப் பதிலாக ஒரு கேள்வியை எழுதுங்கள். "அலகு 3: சோழர் நிர்வாகம்" என்பது பாடத்திட்டத்தில் இருந்தால் போதும்; மாணவர் பார்க்கும் பக்கத்தில் "உத்திரமேரூர்த் தெரிவில் யாருக்கு இடம் இருந்தது, யாருக்கு இல்லை?" என்று இருக்கட்டும். அதன் கீழே, அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் ஊர்ச்சபைத் தெரிவு பற்றிக் கூறும், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டின் தெளிவான ஒளிப்படம் ஒன்று. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அந்த இரு கல்வெட்டுகளின் செய்தியை இன்றைய தமிழில் சொல்லும் இரண்டு பக்கக் குறிப்பு. ஆறு நிமிட ஒலிப்பதிவு. ஐந்து கேள்விகள் கொண்ட வினாடி வினா. சந்தேகம் எழுதும் இடம். ஒரு வாரத்துக்கு இவ்வளவே போதும். அடுத்த வாரமும் இதே வரிசை. "இதற்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும், ஞாயிறு இரவுக்குள் முடிக்கவும்" என்று மேலே ஒரு வரி எழுதிவிடுங்கள். பகுதி நேர வேலைக்குப் போகும் மாணவர்கள் தங்கள் வாரத்தைத் திட்டமிட அந்த ஒரு வரி உதவும்.

பருவம் தொடங்கும்போது முதல் மூன்று வாரங்களை மட்டும் தயாரித்துவிட்டு, மீதியை நடத்திக்கொண்டே அமையுங்கள். பதினைந்து வாரத்தையும் விடுமுறையிலேயே முடித்து வைப்பவர்கள், மாணவர்களின் தடுமாற்றத்தைப் பார்த்த பிறகும் எதையும் மாற்ற மனம் வராமல் நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

நான்காம் படி: குறிப்பும் பதிவும் தயாரித்தல்

வீடியோ எடுப்பதென்றால் ஒரு கருத்துக்கு ஒரு வீடியோ. ஆறு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எட்எக்ஸ் என்னும் இணையப் படிப்புத் தளத்தில் நான்கு பாடங்களின் 69 லட்சம் வீடியோப் பார்வைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், ஆறு நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோக்களில் மாணவர்களின் ஈடுபாடு வெகுவாகக் குறைவது தெரியவந்தது. பேச்சு மட்டும் போதுமான பாடத்துக்கு ஒலிப்பதிவு தாருங்கள். வணக்கமும் முன்னுரையும் தவிர்த்து, முதல் வாக்கியத்திலேயே கேள்வியைச் சொல்லிவிடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, இயர்போனில் உள்ள மைக்கில் பேசினாலே ஒலி தெளிவாக இருக்கும். விலை கூடிய கருவிகளுக்கு முதல் ஆண்டில் தேவையே இல்லை.

எழுத்துக் குறிப்பில் ஒரு சிக்கலைப் புதியவர்கள் எதிர்பார்ப்பதில்லை. துறையில் ஏற்கெனவே இருக்கும் பழைய குறிப்புகள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். உங்கள் கணினியில் ஒழுங்காகத் தெரியும் அந்தக் கோப்பு, மாணவரின் கைப்பேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் வரிசையாகத் தெரியும். பி.டி.எஃப் ஆக மாற்றினால் பார்வைக்குச் சரியாகிவிடும். ஆனால் உள்ளே ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது, நகலெடுத்து ஒட்டினாலும் குப்பைதான் வரும். எனவே எல்லாவற்றையும், எந்தக் கருவியிலும் ஒழுங்காகத் தெரியும் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கோப்புகளை மாற்றித் தரும் எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒற்றெழுத்துகளையும் கிரந்த எழுத்துகளையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். புதிதாகத் தட்டச்சு பழகுபவர்கள், 1999இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொண்டால் கைக்கு வேகம் வரும்.

இது வெறும் வசதிக்காகச் சொல்வதன்று. வரலாறு, தமிழ் போன்ற துறைகளில் பார்வை மாற்றுத்திறன் கொண்ட மாணவர்கள் பயில்கிறார்கள். என்விடிஏ போன்ற இலவசத் திரை வாசிப்பான்கள் யூனிகோடு எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும். புத்தகப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினால் அவை மௌனமாகிவிடும். படமெடுத்த பக்கங்களை மட்டும் தரும் ஆசிரியர், தெரியாமலேயே ஒரு மாணவரை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறார். படம் தவிர்க்க முடியாததென்றால், அதில் என்ன இருக்கிறது என்று கீழே இரண்டு வாக்கியம் எழுதுங்கள். கோப்பை ஏற்றும் முன் ஒரு சோதனை: சாதாரணக் கைப்பேசி ஒன்றில் திறந்து, பெரிதாக்காமல் படிக்க முடிகிறதா, உள்ளே ஒரு சொல்லைத் தேடினால் அகப்படுகிறதா என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: இருப்பதைத் தேடி எடுங்கள்

எல்லாவற்றையும் நீங்களே தயாரிக்க வேண்டியதில்லை. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்னும் இணையவழிப் பாடத் திட்டத்தின் விரிவுரைகள், பொறியியலைத் தாண்டி அறிவியல், மேலாண்மை, மானுடவியல் துறைகளுக்கும் இருக்கின்றன. சில பாடங்களின் எழுத்துவடிவம் தமிழிலும் கிடைக்கிறது. ஆய்வகக் கருவி போதாத கல்லூரிகளுக்கு, மத்தியக் கல்வித்துறையின் மெய்நிகர் ஆய்வகத் திட்டமும், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க உதவும் ஃபெட் உருவகப்படுத்தல்களும் பெரும் துணை. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல், கட்டற்ற மென்பொருள்களைத் தமிழ் விளக்கத்துடனே கற்றுத்தருகிறது. தமிழ் இலக்கியத்துக்கு 1998 முதல் வளர்ந்துவரும் மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் நிறுவனத்தின் தொகுப்பு ஆகியவை உண்டு. முதுகலை மாணவர்களுக்கு, காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்காவில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைக் காட்டலாம்.

அதே மையத்தின் என்-லிஸ்ட் திட்டத்தில் உங்கள் கல்லூரி சேர்ந்திருந்தால், மின்னிதழ்களும் மின்னூல்களும் பயனர்பெயர் கொண்டு வீட்டிலிருந்தே கிடைக்கும். கல்லூரி சந்தா செலுத்தியும், மாணவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் ஆண்டுகள் கழிவது வருத்தத்துக்குரியது. நூலகரைச் சந்தித்து, வகுப்புக்கே வந்து அரை மணி நேரம் செய்து காட்டும்படி கேளுங்கள்.

இணைப்புகளை அள்ளிக் கொட்டுவதால் யாரும் படிப்பதில்லை. வாரத்துக்கு ஒன்று போதும். "இந்த விரிவுரையில் 18ஆம் நிமிடம் முதல் 25ஆம் நிமிடம் வரை கேளுங்கள், பேராசிரியர் சொல்லும் இரண்டு காரணங்களில் எது வலுவானது என்று குறித்து வாருங்கள்" என்று எழுதினால், மாணவர் போய்ப் பார்ப்பதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

காப்புரிமை பற்றிய அச்சமும் அலட்சியமும் ஒருசேர நிலவுகின்றன. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை மறுபிரதி செய்வதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. டெல்லிப் பல்கலைக்கழக ஒளிநகல் வழக்கில் 2016இல் வந்த தீர்ப்பு அதை உறுதிசெய்தது. ஆயினும், வகுப்புக்குள் பகிர்வதும் முழு நூலைப் பொதுவெளியில் ஏற்றி யாரும் எடுத்துக்கொள்ள விடுவதும் ஒன்றாகா. கடவுச்சொல் உள்ள வகுப்புப் பக்கத்தில், தேவையான பகுதியை மட்டும், நூலின் பெயரும் ஆசிரியரின் பெயரும் குறித்துப் பகிருங்கள்.

ஆறாம் படி: மதிப்பெண்ணுக்காக இல்லாத வினாடி வினா

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். ரோடிகர், கார்ப்பிக் ஆகிய உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள்; ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையிலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். பருவத்தேர்வு வருவது படித்த ஐந்து நிமிடத்தில் அன்று. ஆகவே வாரந்தோறும் நினைவைத் தூண்டும் ஐந்து கேள்விகள், எத்தனை முறை வேண்டுமானாலும் முயலும் உரிமையுடன், அகமதிப்பீட்டில் மிகச் சிறிய பங்குடன் இருக்க வேண்டும். மதிப்பெண் கூடினால் விடைகள் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடும்.

கேள்வியின் தரம், தவறான விடைகளின் தரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு தவறான விடையும் மாணவர்கள் உண்மையாகவே கொண்டிருக்கும் ஒரு தவறான எண்ணத்தைக் காட்ட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு:

உத்திரமேரூர்க் குடவோலை முறை பற்றிக் கல்வெட்டுச் சான்றோடு பொருந்துவது எது?
அ) ஊரில் வாழ்ந்த வயதுவந்தோர் அனைவரும் ஓலையில் எழுதி வாக்களித்தனர்.
ஆ) தகுதியுடையோர் பெயர்கள் எழுதிய ஓலைகளிலிருந்து ஒரு சிறுவன் எடுத்த ஓலையின்படி உறுப்பினர் தெரிவானார்.
இ) அரசன் அனுப்பிய அலுவலர் உறுப்பினர்களை நியமித்தார்.
ஈ) மிகுதியான ஓலைகளைப் பெற்றவர் வென்றதாக அறிவிக்கப்பட்டார்.

இதில் "அ" என்பதைத் தெரிவுசெய்யும் மாணவர் சோம்பேறி இல்லை. "ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய மக்களாட்சி" என்று மேடைகளில் கேட்டதை நம்பியிருக்கிறார். அவருக்குத் தானாகவே திரையில் தோன்றும் மறுமொழியை முன்கூட்டியே எழுதி வையுங்கள்: "வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரையிலான வயது, வேதக் கல்வி என்று 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறும் தகுதிகளைக் குறிப்பின் இரண்டாம் பக்கத்தில் மீண்டும் படியுங்கள். ஊரில் எத்தனை பேர் இவற்றைப் பெற்றிருக்கக்கூடும்?" "இ" என்பவருக்கு: "சபை இந்த விதிகளை வகுத்தபோது அரசு அலுவலர் உடனிருந்தார் என்பது உண்மை. அவர் நியமித்தாரா?" "ஈ" என்பவருக்கு: "குடத்திலிருந்து ஓலை எடுப்பதும் வாக்குகளை எண்ணுவதும் ஒன்றா?" என்று கேட்கலாம். இந்த மூன்று மறுமொழிகளை ஒருமுறை எழுதிவிட்டால், அறுபது மாணவர்களுக்கும் அவர்கள் தவறிய அந்தக் கணத்திலேயே உங்கள் குரல் போய்ச் சேர்கிறது.

திங்கள் காலை வகுப்புக்குப் போகும் முன் அறிக்கையைத் திறந்து பாருங்கள். வகுப்பில் பாதிப்பேர் முதல் முயற்சியில் "அ" என்று விடையளித்திருந்தால், அன்றைய வகுப்பு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பாடத்திட்டத்தில் அடுத்து என்ன இருக்கிறது என்பது அப்போது இரண்டாம் பட்சம். இவ்வாறு வகுப்பறையும் இணையமும் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லத் தொடங்குவதைத்தான் நாம் விரும்புகிறோம்.

ஏழாம் படி: எழுத்தில் உரையாடல்

"உங்கள் கருத்தைத் தெரிவியுங்கள்" என்று கேட்டால் "நன்றாக இருந்தது ஐயா" என்று வரும். சான்று கேட்கும் கேள்வியாக வையுங்கள்: "உறுப்பினராகத் தகுதியற்றவர்கள் யார் என்று கல்வெட்டு கூறுவதில் ஒன்றை எடுத்து, அப்படி ஒரு விதி ஏன் தேவைப்பட்டிருக்கும் என்று மூன்று வரியில் எழுதுங்கள்." தமிழிலோ ஆங்கிலத்திலோ, தட்டச்சு வராதவர்கள் குரல் வழித் தட்டச்சிலோ எழுதலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிழையைத் திருத்தும் இடமாக இதை ஆக்க வேண்டாம். முதல் இரண்டு வாரங்களில் எழுதியவர்களுக்குப் பெயர் சொல்லி ஒரு வரியாவது பதில் எழுதுங்கள்; பிறகு மாணவர்களே ஒருவருக்கொருவர் பதில் எழுதத் தொடங்குவார்கள். நல்ல கேள்வி கேட்டவரை அடுத்த நேரடி வகுப்பில் குறிப்பிட்டுப் பாராட்டுங்கள்.

எட்டாம் படி: ஒப்படைப்பும் நேர்மையும்

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பிறகு, "சோழர் உள்ளாட்சி பற்றி ஐந்து பக்கக் கட்டுரை" என்னும் ஒப்படைப்புக்குப் பொருளில்லாமல் போய்விட்டது. தடை விதிப்பதைவிட, கேள்வியை மாணவரின் ஊரோடு பிணைப்பது பயன்தரும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. பருவத்துக்குள் வரும் ஒரு கூட்டத்துக்குப் போய், அங்கே யார் வந்தார்கள், யார் பேசினார்கள், எந்தத் தீர்மானம் எழுதப்பட்டது என்று குறித்து, உத்திரமேரூர்ச் சபையோடு ஒப்பிட்டு இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். நகரத்து மாணவர்கள் தங்கள் வார்டில் நடக்கும் கூட்டத்தைப் பார்த்தோ, ஊரில் உள்ள உறவினரைப் பேட்டி கண்டோ எழுதலாம். சமர்ப்பித்த பின் ஒவ்வொருவரிடமும் மூன்று நிமிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்; தாமே செய்தவர் தயங்காமல் பேசுவார்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தினால் எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்று இறுதியில் எழுதச் சொல்லுங்கள். அக்கருவிகள் இல்லாத நூல்களையும் கட்டுரைகளையும் இருப்பதுபோல் மேற்கோள் காட்டும் என்பதை வகுப்பிலேயே செய்து காட்டுங்கள். ஒரு மேற்கோள் பட்டியலை உருவாக்கச் செய்து, அதில் உள்ளவற்றை நூலகப் பட்டியலில் மாணவர்களே தேடிப் பார்க்கட்டும். எச்சரிக்கை உரை ஒன்றைவிட அந்த அரை மணி நேரம் ஆழமாகப் பதியும்.

நேரலை வகுப்பு வேண்டுமா?

மழை விடுமுறை, தேர்வுக்கு முந்தைய சந்தேக வகுப்பு, வெளியூர் அறிஞர் ஒருவரின் உரை ஆகிய மூன்றுக்கும் வைத்துக்கொள்ளலாம். மற்ற நேரங்களில் தேவையில்லை. நடத்தினால் நாற்பது நிமிடத்துக்கு மிகாமல், முதல் நாளே கேள்விகளைப் பெற்றுக்கொண்டு நடத்துங்கள். கேமராவைத் திறக்கும்படி கட்டாயப்படுத்த வேண்டாம். வீட்டின் நிலையைப் பிறர் பார்க்கக் கூடாது என்று நினைக்கும் மாணவரின் உணர்வு மதிக்கத்தக்கது. பதிவு செய்வதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

சுவயம் படிப்புகளுக்கு மாணவர்களை அனுப்புவோருக்கு

மத்திய அரசு 2017 ஜூலை 9 அன்று தொடங்கிவைத்த சுவயம் என்னும் இணையப் படிப்புத் தளத்தில் முடிக்கும் படிப்புகளுக்குப் பட்டப்படிப்பில் கிரெடிட் (பட்டத்துக்கான மதிப்பலகு) வழங்கப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் இடமளிக்கின்றன. இவ்வாறு ஏற்கக்கூடிய பங்குக்கு 2016இல் 20 விழுக்காடாக இருந்த உச்சவரம்பு 2021இல் 40 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஆனால் எந்தப் படிப்பை எந்தத் தாளுக்கு ஈடாக ஏற்பது என்பதை உங்கள் பல்கலைக்கழகமோ தன்னாட்சிக் கல்லூரியின் கல்விக் குழுவோதான் முடிவுசெய்யும். பருவம் தொடங்கும் முன்பே அந்த ஒப்புதலை எழுத்தில் பெறாமல் மாணவர்களைச் சேர்க்க வேண்டாம்.

தளத்தில் பாடத்தில் சேர்வதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டும் உண்டு. இவை இரண்டும் தனித்தனிப் பதிவுகள். பாடத்தில் சேர்ந்து எல்லா வாரமும் பயிற்சி செய்துவிட்டு, தேர்வுக்குப் பதிவு செய்யும் நாளைத் தவறவிடுவதே மாணவர்களிடம் காணப்படும் பெரிய இழப்பு. என்.பி.டி.இ.எல். படிப்புகளில் வாராந்திரப் பயிற்சிகளுக்கு 25, மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75 என மதிப்பெண் பிரிக்கப்படுகிறது; சான்றிதழ் பெற முதலாவதில் 10, இரண்டாவதில் 30 குறைந்தபட்சம் தேவை. பன்னிரண்டு வாரப் படிப்பில் சிறந்த எட்டுப் பயிற்சிகளே கணக்கில் வரும் என்பதால், முதல் வாரத்தில் தடுமாறியவரை விலக விடாதீர்கள். விரிவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ்வழியில் படித்து வந்தவர்களை நால்வர் ஐவராகச் சேர்த்து, வாரம் ஒரு மணி நேரம் கல்லூரிக் கணினி அறையில் ஒன்றாகப் பார்க்கச் செய்து, நிறுத்தி நிறுத்திப் பேசவிட்டால் பெரும்பாலோர் கடைசிவரை வருவார்கள். உங்கள் கல்லூரி என்.பி.டி.இ.எல். உள்ளூர் மையமாகப் பதிவு செய்திருந்தால், அதன் பொறுப்பாசிரியரிடம் மாணவர்களின் வாராந்திர முன்னேற்றத்தைக் கேட்டறியலாம்.

பருவ முடிவில்

கடைசி வாரத்தில், எந்தப் பகுதி உதவியது, எதைத் திறக்கவே இல்லை என்று மறுபடியும் தாளில், பெயரில்லாமல் எழுதி வாங்குங்கள். மதிப்பெண் பட்டியலை எக்செல் கோப்பாக இறக்கித் துறையில் ஒப்படையுங்கள். அகமதிப்பீடு பற்றிப் பின்னர் கேள்வி வந்தால் அதுவே சான்று. பிறகு மூடிலின் காப்புப்பிரதி வசதியில், பயனர் விவரங்களைச் சேர்க்க வேண்டாம் என்பதைத் தெரிவுசெய்து பாடத்தை மட்டும் ஒரு கோப்பாக எடுத்து, கல்லூரிக் கணினியிலும் சொந்தச் சேமிப்பிலும் வைத்துக்கொள்ளுங்கள். சர்வர் மாறும்போதோ தளம் புதுப்பிக்கப்படும்போதோ பாடங்கள் அழிந்துபோவது உண்டு. வினாடி வினாவின் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து, எல்லோரும் சரியாக எழுதிய கேள்விகளை நீக்கிவிட்டு, எழுத்துத் தேர்வில் மாணவர்கள் செய்த புதிய தவறுகளிலிருந்து மாற்றுக் கேள்விகளை அந்த விடுமுறையிலேயே எழுதிச் சேருங்கள். அதே தாளை நடத்தும் சக ஆசிரியர் கேட்டால் அந்தக் காப்புக் கோப்பைக் கொடுத்துவிடுங்கள்; அவருடைய தளத்தில் ஏற்றிய சில நிமிடங்களில் உங்கள் வாரப் பக்கங்கள் அனைத்தும் அங்கே திறந்துவிடும்.